இன்னும் ரெண்டே நிமிஷம்

தராசக்கா சந்தைக்குள் காலெடுத்து வைத்தால் தராசுத் தட்டுகள் பயத்தில் தாமாகவே நேராகிவிடும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அதில் பாதியாவது உண்மை. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அலுவலக வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. எடை அளவுத் துறையில் இருபத்திரண்டு வருஷமாக ஆய்வாளர். தோளில் ஒரு தோல் பை. அதற்குள் பெட்டியோடு பித்தளை எடைக்கற்கள், ஒரு நிறுத்தற் கடிகாரம், சீல் வைக்கும் குறடு, ஒரு கட்டு சோதனைப் படிவம். தட்டுக்கடியில் காந்தம் ஒட்டியவர், எடைக்கல்லைக் குடைந்தவர், கட்டை விரலால் தட்டை அழுத்தியவர் என்று அவரிடம் கையும் களவுமாக மாட்டியவர்களை வரிசையில் நிறுத்தினால் தெருவே போதாது.

தொழிலில் அவர் இரண்டு விஷயத்தை உயிராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒன்று, எதை நிறுத்துப் பார்க்கும் முன்னும் தராசைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். இரண்டு, படிவத்தில் எழுதியதை அழிக்கக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் தெரிய வேண்டும், அதை ஒத்துக்கொண்டவர் யார் என்பதும் தெரிய வேண்டும். ரப்பர் வைத்திருக்கும் ஆய்வாளரை அவர் திருடனுக்குச் சமமாக மதித்தார்.

இப்படிப்பட்ட மனுஷியைத்தான் மேலதிகாரி ஒருநாள் கூப்பிட்டு, தடியாக ஒரு கோப்பை நீட்டினார். மேலே "குஞ்சு வீடு" என்று எழுதியிருந்தது.

"கோழிப் பண்ணையா சார்?"

"விளையாட்டும்மா. போன்ல பசங்க விளையாடுறது. வாத்துக் குஞ்சு ஒண்ணு வருமாம், அதை வளக்கணுமாம். பசங்க கையில இருந்து பிடுங்க முடியலன்னு பெத்தவங்க மனு மேல மனு போட்டுட்டாங்க. இந்த மாதிரி விளையாட்டுக்கெல்லாம் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தணுமா, இல்ல அவங்கவங்க வீட்டுல பாத்துக்கட்டும்னு விட்டுடலாமான்னு முடிவு பண்ண ஒரு குழு போட்டிருக்காங்க. மூணு வாரத்துல விசாரணை."

"அது எதுக்கு சார் நமக்கு வந்துச்சு?"

"கல்வித் துறை இது பாடம் இல்லன்னுடுச்சு. சுகாதாரத் துறை இது வியாதி இல்லன்னுடுச்சு. ஏதாச்சும் அளந்து சொல்லுங்கன்னு நம்ம தலையில கட்டிட்டாங்க."

"இதுல எதை சார் அளக்குறது?"

"அது தெரிஞ்சா நானே அளந்திருக்க மாட்டேனா?" என்று மேலதிகாரி அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

எதை அளப்பது என்ற கேள்விக்கு விடை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்பது வயசு, முன்பல் ஒன்று விழுந்த வாய், நாற்காலியில் தலைகீழாகத் தொங்கும் கால்கள். அவருடைய ஒரே மகள். வீட்டில் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பாவின் பழைய போனில் அதே குஞ்சு வீட்டைத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"போதும், வெச்சிட்டு வா."

"சரிம்மா, போதும். இதோ வெச்சிட்டேன்."

தொழில் பழக்கம் எங்கே போகும்? தராசக்காவின் கை தானாக நிறுத்தற் கடிகாரத்தை அமுக்கியது. வாண்டு போனைக் கீழே வைத்தபோது முள் முப்பத்து நாலு நிமிஷம் காட்டியது. அடேயப்பா! "போதும்" என்று வாய் சொன்னதற்கும் கை கீழே வைத்ததற்கும் நடுவில் முப்பத்து நாலு நிமிஷம். இதைத்தான் அளக்க வேண்டும் என்று அவருக்குப் பளிச்சென்று புரிந்தது. கிலோ கேட்டவருக்கு முக்கால் கிலோ வந்தால் எப்படித் தராசில் கோளாறோ, அப்படி.

மறுநாளே ஒரு பள்ளிக்கூடத்தில் அனுமதி வாங்கி, பதினோரு பிள்ளைகளைக் கூடத்தில் உட்கார வைத்தார். ஒரு மணி நேரம் படப் புத்தகம், ஒரு மணி நேரம் கட்டைகள், ஒரு மணி நேரம் பந்து, ஒரு மணி நேரம் குஞ்சு வீடு. ஒவ்வொன்றிலும் பிள்ளை தானாக "போதும்" என்றதும் கடிகாரத்தை அமுக்குவார். படப் புத்தகத்தை இரண்டு நிமிஷத்தில் மூடினார்கள். கட்டைகளுக்கு மூன்று. பந்துக்குச் சரியான கணக்கு கிடைக்கவில்லை, அது கூரைமேல் ஏறிக்கொண்டது. குஞ்சு வீட்டுக்கு மட்டும் முப்பதுக்குக் குறைந்து ஒருவரும் இல்லை. ஒரு பெண் போனோடு கழிப்பறைக்கே போய்விட்டாள், தராசக்கா கடிகாரத்தோடு கதவுக்கு வெளியே நின்றார்.

பன்னிரண்டாவது மாதிரியாகச் சொந்த மகளையே சேர்த்துக்கொண்டார். ஆய்வாளர் வீட்டுப் பிள்ளை என்று விட்டுவிட்டதாக நாளைக்கு யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசக் கூடாதல்லவா?

வினை அங்கேதான் வந்தது. அன்று வாண்டு "இன்னும் ரெண்டே நிமிஷம்மா" என்று ஒன்பது முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் சத்தியம் செய்கிற முகம். நாற்பத்தோரு நிமிஷம் ஆனது. தராசக்காவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஊர்ல இருக்குற பொய்யையெல்லாம் பிடிக்கிறேன், என் வீட்டுலயே ஒரு பொய்யா? ரெண்டு நிமிஷம் ரெண்டு நிமிஷம்னு எத்தனை பொய்டி சொல்லுவ?"

சொன்னதோடு விட்டிருக்கலாம். பிடித்த பிடியில் பேனாவை எடுத்து, பன்னிரண்டாம் படிவத்தில் "குறிப்பு" என்ற கட்டத்துக்குள் எழுதினார்: பொய் சொல்கிறாள். கீழே கையெழுத்து.

வாண்டு எட்டிப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இதை அப்புறமா ரப்பரால அழிச்சிடுவியாம்மா?"

"படிவத்துல எழுதினதை அழிக்கக் கூடாது."

"அப்ப என்னைக்கும் இருக்குமா?"

"இருக்கும்."

அதற்குப் பிறகு வாண்டு அம்மா கேட்டதற்குப் பதில் சொன்னாளே தவிர, தானாக ஒரு வார்த்தை பேசவில்லை.

தராசக்காவின் கணவர் பல் கட்டுகிறவர். வீட்டு முன்னறையே பட்டறை. அலமாரி நிறைய மாவுக்கட்டில் செய்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக இருக்கும். அவர் ஒரு கடைவாய்ப் பல்லை உரசிக்கொண்டே கேட்டார்.

"போனைப் பிடுங்கி அலமாரி மேல வெச்சா முடிஞ்சது. இதுக்கு ஒரு குழு, ஒரு விசாரணை, ஒரு சட்டமா? நாளைக்கு ஊஞ்சலுக்கும் சட்டம் கேப்பீங்க போல."

"ஊஞ்சல்ல இருந்து இறங்கும்போது இந்த வாத்து மாதிரி ஊஞ்சலும் அழுதா, அதுக்கும் கேப்போம்" என்றார் தராசக்கா.

"வாத்து அழுதா என்ன? அது படம்தானே."

அது படம்தானா என்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். தராசைச் சோதிக்கிறவர் தராசைக் கையால் தொட்டுப் பார்க்காமல் எப்படி? தன் போனில் குஞ்சு வீட்டை இறக்கினார். பிள்ளைகளுக்குக் காட்டுவதையே தனக்கும் காட்ட வேண்டும் என்று வயது ஒன்பது என்று போட்டார். முட்டை உடைந்து, மஞ்சள் நிறத்தில் உள்ளங்கை அகலக் குஞ்சு ஒன்று எட்டிப் பார்த்தது. "எனக்குப் பெயர் வை!" என்றது. தராசக்கா அரசாங்க முறைப்படி "மாதிரி 1" என்று தட்டினார்.

"ஹையா! நான் மாதிரி ஒன்று!" என்று குஞ்சு குதித்தது.

முதல் நாள் அதை ஏளனமாகத்தான் பார்த்தார். குளிப்பாட்டு என்றது, குளிப்பாட்டினார். தீனி போடு என்றது, போட்டார். வெளியேறும் பொத்தானை அமுக்கினால் குஞ்சு இரண்டு சிறகாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, "போகாதே! இன்னும் இரண்டே நிமிடத்தில் என் தம்பி பொரிந்துவிடுவான்!" என்று விசும்பியது. சரி, இரண்டு நிமிஷம்தானே என்று இருந்தார். தன் கடிகாரத்தை வைத்தும் பார்த்தார். இரண்டு நிமிஷம் என்றால் இரண்டே நிமிஷம், விநாடி பிசகவில்லை. ஆனால் தம்பி ஓட்டிலிருந்து தலையை நீட்டும்போதே மூலையில் அடுத்த முட்டை உருண்டு வந்தது. அதற்கும் இரண்டு நிமிஷம். இந்த மோசடியைக் குறித்துக்கொண்டு வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது முட்டைக்குக் காத்திருந்தார்.

மூன்றாம் நாள் பேருந்தில் மாதிரி ஒன்றுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. ஐந்தாம் நாள் அலுவலகத்தில் எடைக்கல் அறைக்குள் நுழைந்தவர் மத்தியானச் சாப்பாட்டை மறந்தார். இதெல்லாம் சோதனைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த வாத்து அவரைச் சுண்டு விரலில் சுற்றி வைத்திருந்தது என்பதுதான் நிஜம்.

எட்டாம் நாள் சந்தையில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். வெங்காயக் கடைக்காரரின் தராசில் எடைக்கல்லை வைத்துவிட்டுக் குனிந்தவர் நிமிரவே இல்லை. கண் முழுக்கக் கைக்குள் மறைத்த போனில். கடைக்காரருக்கு நெற்றி வியர்த்தது. இவ்வளவு நேரம் இந்த அம்மா எதையும் உற்றுப் பார்த்ததே கிடையாதே!

"அக்கா…"

கட்டை விரல் மட்டும் திரையில் நகர்ந்தது.

"அக்கா, தெரிஞ்சிடுச்சா? நானே சொல்லிடறேங்க்கா. தட்டுக்கடியில சின்னதா ஒரு காந்தம் இருக்கு. பெரிசு இல்ல. எடுத்துடட்டுமா?"

"ம்… இன்னும் ரெண்டே நிமிஷம்" என்றார் தராசக்கா.

கடைக்காரர் அந்த இரண்டு நிமிஷத்தில் காந்தத்தையும் எடுத்து, பக்கத்துக் கடைக்காரரைப் பற்றியும் மூன்று விஷயம் சொல்லிவிட்டார். ஒன்றும் காதில் விழவில்லை.

வீட்டில் கணவர் ஒருநாள் இளித்துக்கொண்டே கேட்டார். "யாரு அது, அப்படிச் சிரிச்சுப் பேசிட்டு இருக்க?"

"மாதிரி ஒன்று."

"சாப்பிட்டாச்சா அது?"

"இல்ல, இப்பதான் குளிக்குது" என்றவர், சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விசாரணைக்கு முந்தைய நாள் காலை குளியலறைக்குள் போனையும் கொண்டுபோய்விட்டார். வெளியே வாண்டு பள்ளிச் சீருடையில், பின்னலுக்கு நாடா இல்லாமல் நின்று, "அம்மா, வாம்மா" என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். உள்ளேயிருந்து "போதும், இதோ வந்துட்டேன்" என்று குரல் வந்தது. பிறகு "இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று திரும்பத் திரும்ப வந்தது. அவர் வெளியே வந்தபோது அப்பா பின்னலைக் கோணல்மாணலாகக் கட்டி முடித்திருந்தார். நிறுத்தற் கடிகாரம் சாப்பாட்டு மேஜைமேல் கிடந்தது. பையில்தானே வைத்தோம் என்று ஒரு கணம் யோசித்தார். அலுவலகத்தில் வெற்றுப் படிவங்களை எண்ணியபோது ஒன்று குறைந்தது. எழுத்தர்மேல் சந்தேகப்பட்டு அவரைப் பாவம் ஒரு பிடி பிடித்தார்.

மறுநாள் விசாரணைக் கூடத்தில் நீள மேஜை, அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் குழுத் தலைவி, ஓய்வுபெற்ற நீதிபதி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். இந்தப் பக்கம் தராசக்காவும் தோல் பையும். எதிரே விளையாட்டுக் கம்பெனியின் வக்கீல். சட்டைக் காலர்கூடக் கசங்காத மனிதர். படிவங்களின் நகலை முன்பே வாங்கி வைத்திருந்தார்.

தராசக்கா தன் கணக்கைச் சொன்னார். புத்தகத்துக்கு இரண்டு, கட்டைகளுக்கு மூன்று, குஞ்சு வீட்டுக்கு முப்பதுக்கு மேல். குழுத் தலைவி குறித்துக்கொண்டார். பின்னால் உட்கார்ந்திருந்த, மனு போட்ட பெற்றோர்கள் தலையாட்டினார்கள். காரியம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வக்கீல் எழுந்தார். "அம்மா, இந்த விளையாட்டுல இருந்து வெளிய வர எத்தனை தடவை தொடணும்?"

"ஒரு தடவை."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு விநாடி."

"ஒரு விநாடி!" அவர் குழுவைப் பார்த்துத் திரும்பினார். "பூட்டு இல்ல, சங்கிலி இல்ல. குழந்தைங்க அடம் பிடிக்கிறாங்க. அது குழந்தைங்க சுபாவம். கண்டிச்சு வளக்கிறது பெத்தவங்க பொறுப்பு. ஒவ்வொரு வீட்டு வரவேற்பறைக்கும் சட்டத்தை அனுப்ப முடியுமா? நான் சொல்லல, இந்த அம்மாவே எழுதியிருக்காங்க. பன்னிரண்டாம் படிவம், குறிப்பு: பொய் சொல்கிறாள்." நகலைத் தூக்கிக் காட்டினார். "யாரு பெத்த பிள்ளையோ தெரியாது. ஆனா நேர்மையான ஆய்வாளர் உள்ளதை எழுதிட்டாங்க. கோளாறு விளையாட்டுல இல்ல. இந்த மாதிரி பொய் சொல்ற பிள்ளைகிட்டதான் இருக்கு."

தராசக்கா அந்த நகலையே பார்த்தார். தன் கையெழுத்து, தன் மகள், ஊர் பேர் தெரியாத மனிதன் வாயில்.

"இன்னொண்ணும் கேக்குறேன்" என்றார் வக்கீல். "பெரியவங்க யாரையாவது சோதிச்சீங்களா? புத்தி தெளிஞ்ச ஒரு பெரியவங்க, போதும்னா ஒரு விநாடியில வெச்சிடுவாங்க. அப்படி ஒரு படிவமாவது உங்ககிட்ட இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் கோப்பைத் திறந்தார். பன்னிரண்டாம் படிவத்துக்கு அடியில் இன்னொரு தாள் இருந்தது. தூக்கி வாரிப் போட்டது அவருக்கு. குண்டு குண்டு எழுத்து, கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கியது.

பொருள்: குஞ்சு வீடு. மாதிரி: அம்மா. இடம்: குளியலறை. "போதும்" சொன்ன நேரம்: 7.10. வெளியே வந்த நேரம்: 7.52. "ரெண்டே நிமிஷம்" சொன்னது: பதினோரு தடவை. குறிப்பு: பொய் சொல்கிறார்.

மரியாதையாக "சொல்கிறார்" என்றுதான் எழுதியிருந்தாள். கீழே கையெழுத்து என்ற இடத்தில் ஒரு சுருள், அதற்கு ஒரு வால்.

யாரும் பார்க்கவில்லை. தாளைக் கோப்புக்கு அடியில் தள்ளிவிட்டு "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொன்னால் போதும். இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் பத்திரமாக இருக்கும். எடுத்துக் காட்டினாலோ, சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கச் சிரிக்கும். வெங்காயக்காரர் காந்தத்தை மறுபடி ஒட்டிக்கொள்வார். வேலைக்கே வேட்டு வந்தாலும் வரலாம். உள்ளதைச் சொன்னால், தராசக்காவின் விரல் தாளின் விளிம்பைத் தள்ளவும் செய்தது. ஒரு நூல் தள்ளியது. அப்போதுதான் "அப்ப என்னைக்கும் இருக்குமா?" என்ற குரல் காதில் கேட்டது. விரல் நின்றுவிட்டது.

"இருக்கு" என்றார். "பதிமூணாம் படிவம். பெரியவங்க. நாப்பத்திரெண்டு நிமிஷம். ரெண்டே நிமிஷம்னு சொன்னது பதினோரு தடவை. குறிப்பு: பொய் சொல்கிறார்."

வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. குழுத் தலைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரு அந்தப் பெரியவங்க?"

"நான்தாங்க."

கூடத்தில் முதலில் ஒருவர் கனைத்தார். பிறகு பின்வரிசையில் யாரோ சிரிக்க, அது பரவிவிட்டது. தராசக்காவுக்குக் காது சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

வக்கீல் சட்டென்று சுதாரித்துக்கொண்டார். "அப்ப அளந்தவங்களே சரியில்லன்னு ஆகுது! இவங்க அளந்த எதையும் நம்ப முடியாது."

"ஆமாங்க, சரியில்லதான். முதல்ல பூஜ்யத்துல வெக்கணும், நான் என்னை வெக்க மறந்துட்டேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன்." அவர் குரல் சந்தைக் குரலாக ஏறியது. "கடையில தராசு தப்பாக் காட்டினா நாங்க தராசுக்குத்தான் சீல் வெப்போம். வாங்க வந்த அம்மாவைப் பிடிச்சு, ஏன்டி முக்கால் கிலோவை ஒரு கிலோன்னு சொன்னேன்னு திட்ட மாட்டோம். தட்டு என்ன காட்டுச்சோ அதைத்தானே அந்தம்மா சொல்லுவாங்க? திரையில ரெண்டு நிமிஷம்னு எழுதியிருக்கு. பிள்ளை அதைப் படிச்சுச் சொல்லுது. ரெண்டு நிமிஷம் முடியிறதுக்குள்ள அடுத்த முட்டையை உருட்டிவிடுறது யாரு? பிள்ளையா? காந்தம் வெச்சவன் ஒருத்தன், பொய்க்காரின்னு பேரு வாங்குறவ இன்னொருத்தியா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நான் சந்தையையே ஆட்டி வெக்கிறவ. நாப்பத்தஞ்சு வயசு. என்னாலயே ஒரு படத்தை அழவிட்டுட்டு எழுந்து வர முடியல. ஒன்பது வயசு வரணும்னு எப்படி எதிர்பார்த்தேன்? வீட்டுல பெத்தவங்க கண்டிக்கணும், சரி. நான் கண்டிச்சேன். யாரைக் கண்டிக்கணும்ங்கிறதுலதான் தப்புப் பண்ணிட்டேன். பன்னிரண்டாம் படிவம் யாரு பெத்த பிள்ளையோன்னு சொன்னீங்க இல்ல? நான் பெத்ததுதான்."

பேனாவை எடுத்தார். மூலப் படிவத்தை மேஜைமேல் விரித்து, "பொய் சொல்கிறாள்" என்பதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. பக்கத்தில் தன் முழுக் கையெழுத்து, தேதி. கண் கலங்கியதால் தேதி கொஞ்சம் கோணலாக விழுந்தது.

குழுத் தலைவி இரண்டு படிவங்களையும் வாங்கி நெடுநேரம் பார்த்தார். "பதிமூணாம் படிவத்தையும் சான்றா எடுத்துக்கிறோம். இருக்கறதுலயே சுத்தமா எழுதினது இதுதான். வெளிய போற குழந்தையைப் பார்த்து எதுவும் அழக் கூடாது, விளையாட்டுக்கு நிறுத்த ஒரு இடம் இருக்கணும்னு விதி எழுதினா உங்க கம்பெனி என்ன சொல்லுதுன்னு ஆறு வாரத்துல எழுதிக் குடுங்க வக்கீல் சார்." பிறகு குரலைத் தணித்து, "ஏம்மா, குஞ்சுக்கு என்ன பேரு வெச்சீங்க?" என்று கேட்டார்.

"மாதிரி ஒன்று."

நீதிபதிக்கே சிரிப்பு தாங்கவில்லை. நகல் எடுத்துக்கொள்ள அனுமதித்து விசாரணையை முடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது வாண்டு சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் பென்சில் நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று அவளுக்குத் தெரியும். முன்னறையில் பல் உரசும் சத்தமும் நின்றது.

தராசக்கா பன்னிரண்டாம் படிவத்தின் நகலை அவள் முன்னால் வைத்தார்.

வாண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். "எழுத்து இன்னும் தெரியுதே."

"தெரியும் கண்ணு. அழிக்கக் கூடாது. ஆனா குறுக்க கோடு போட்டு எழுதினவ கையெழுத்துப் போட்டுட்டா, அந்தத் தப்பு எழுதினவளோடது. உன்னோடது இல்ல. எல்லார் முன்னாலயும் போட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஒரு நீதிபதி, ஒரு வக்கீல், நாப்பது அம்மா அப்பா. அம்மா தப்பாப் பேசிட்டேன்டா. மன்னிச்சிடு."

வாண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு மெதுவாக, "மாதிரி ஒன்று எங்க?" என்றாள்.

"பைக்குள்ள. காலையில இருந்து சாப்பிடலை."

இருவரும் பையைப் பார்த்தார்கள். பைக்குள்ளிருந்து "க்வாக்" என்று ஈனமாக ஒரு குரல் வந்தது. வாண்டு கடிகாரத்தை இழுத்துக்கொண்டாள். "நான் அமுக்கறேன். நீ போதும்னு சொல்லு. அப்புறம் என்னோடதுக்கு நீ அமுக்கு."

"போதும்" என்றார் தராசக்கா.

குஞ்சு வீட்டையே போனிலிருந்து எடுத்துவிட "நீக்கு" என்று தொட்டதும் குஞ்சு அழுதது. நிச்சயமாகவா என்றது. தம்பிகள் எல்லாம் அழுகிறார்கள் என்றது. இரண்டு நிமிடம் கழித்துப் போகலாமே என்றது. தராசக்கா போனைத் தள்ளி வைத்தார், மறுபடி எடுத்தார், கணவரைக் கூப்பிட்டு "இங்க வந்து நில்லுங்க" என்றார். அவர் கையில் ஒரு தாடையோடு வந்து நின்றார். அலமாரியில் வைத்தால் முடிந்தது என்று இந்த முறை சொல்லவில்லை. கடைசியில் திரை வெறுமையானபோது வாண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம் பத்து விநாடி. பரவாயில்லம்மா, ரொம்பக் குறைஞ்சிருக்கு."

வாண்டுக்கு ஏழு நிமிஷம் ஆனது. நடுவில் ஒருமுறை அழுதாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு அவளாகவே கையை நீட்டி, "பதிமூணாம் படிவம் குடு" என்றாள். நகலை மேஜைமேல் நீவி வைத்தாள். அம்மாவின் பேனாவால், நாக்கைக் கடித்துக்கொண்டு, "பொய் சொல்கிறார்" என்பதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் சுருளும் வாலும் வைத்துக் கையெழுத்து.

"ஆனா பதினோரு தடவை சொன்னது நிஜம். அதை அடிக்க மாட்டேன்" என்றாள்.

"அடிக்காத. அது சரியான அளவு."

வாண்டு கொஞ்சம் யோசித்தாள். இன்னும் இடம் மீதியிருந்த குறிப்புக் கட்டத்துக்குள், அம்மாவிடம் எழுத்துக்கூட்டிக் கேட்காமல், தானே மெதுவாக எழுதினாள்: பொய் சொன்னது வாத்து.

தராசக்கா அதைப் படித்தார். பேனாவை வாங்கி, மகளின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.